சுருங்கச் சொல்லத் தெரிந்தால்...



கல்லூரிப் படிப்பில் காலடி எடுத்து வைக்கும் நம் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் எது கடினம் என்று கேட்டுப் பாருங்கள். இலக்கணம் என்பார் சிலர். உச்சரிப்பு என்பார் சிலர். பேச நா எழவில்லை என்பார் பலர். சுருக்கி எழுதுவது கடினம் என்று சொல்பவர் அரிதினும் அரிது. அதை ஒரு தனித்திறமையாகவே அவர்கள் எண்ணுவதில்லை. நீண்ட பாடம் ஒன்றில் இங்கிருந்து நான்கு வரி, அங்கிருந்து நான்கு வரி எடுத்துக் கோத்துவிட்டால் சுருக்கம் ஆகிவிடும் என்பதே பொதுவான நினைப்பு. அசைன்மெண்ட் எழுதும்போதும், ஆய்வேடு எழுதும்போதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்குத் தேர்வெழுதும்போதும்தான் அந்த நினைப்பு எத்தகைய இடரில் கொண்டுபோய்விடும் என்பது தெரிய வருகிறது. இந்த இதழில் அதைப் பற்றியே பேசுவோம்.

சுருக்கம் என்பது எது?

பிறர் எழுதிய ஒன்றின் சாரத்தை, அதன் பொருள் சிதையாமல், நம் சொந்தச் சொற்களில், குறைந்த இடத்தில், யார் சொன்னது என்பதையும் குறிப்பிட்டு எழுதுவதே சுருக்கம். இந்த இலக்கணத்தில் நான்கு நிபந்தனைகள் உள்ளன: பொருள் சிதையக்கூடாது, சொற்கள் நம்முடையவையாக இருக்க வேண்டும், அளவு குறைய வேண்டும், உரியவர் பெயர் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் அது சுருக்கம் ஆகாது. பொருள் சிதைந்தால் அது திரிபு. சொற்கள் பிறருடையவையானால் அது நகல். அளவு குறையாவிட்டால் அது மறுபதிப்பு. பெயர் இல்லாவிட்டால் அது களவு.

இது நமக்குப் புதிய கலை அன்று. தொல்காப்பியம் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல் என்பதை முதல் வகையாக வைத்தது. நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணிய நன்னூல், சுருங்கச் சொல்லல் என்பதை முதலிலும், விளங்க வைத்தல் என்பதை அதன் அடுத்தும் வைத்தது. பத்துக் குற்றங்களை எண்ணும்போது குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டையும் தொடக்கத்திலேயே சொன்னது. சொல்ல வேண்டியதை விட்டுவிடுவதும் குற்றம். வேண்டாததைச் சேர்ப்பதும் குற்றம். இன்றைய ஆங்கிலப் பேராசிரியர் தம் மாணவருக்குச் சொல்வதும் இதைத்தான்.

அரபு மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு ‘முக்தஸர்’ என்னும் சொல் பழக்கமானது. சுருக்க நூல் என்பதே அதன் பொருள். 1037ஆம் ஆண்டில் மறைந்த இமாம் குதூரி அவர்களின் முக்தஸர் இன்றும் ஓதப்படுகிறது. ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் பிறந்த இப்னு ருஷ்து (1126-1198) அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு மூன்று அளவுகளில் விளக்கம் எழுதினார்: சாரத்தை மட்டும் தரும் குறுவிளக்கம், இடைத்தரமான விளக்கம், வரிவரியாகச் செல்லும் பெருவிளக்கம். சில நூல்களுக்கு இம்மூன்றையும் எழுதினார். ஒரே நூல்தான், ஆனால் படிப்பவரின் தேவை வேறு, ஆகவே அளவும் வேறு என்பது அவர் செயலிலிருந்து நாம் பெறும் பாடம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1377ஆம் ஆண்டில் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்குக் கேடு என்று அதில் ஓர் அதிகாரமே எழுதினார். குறைந்த சொற்களில் அளவுக்கு மீறிப் பொருளைத் திணித்தால், மாணவன் கல்வியைக் கற்பதை விட்டு, அச்சொற்களின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே காலத்தைக் கழிப்பான் என்பது அவருடைய கவலை. சுருக்கம் தெளிவைத் தர வேண்டும். புதிர் போடக்கூடாது என்பதை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் எச்சரித்துவிட்டார்.

ஏன் இது பெரிய காரியம்?

நம் இல்லங்கள் பலவற்றில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை இன்றைய பிள்ளைகள்தாம். பள்ளியில் அவர்கள் கைடு வாங்கி, அதிலுள்ள விடையை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் அப்படியே எழுதியவர்கள். அப்படி எழுதியதற்கு மதிப்பெண் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. அதே பிள்ளை உயர்கல்விக்குச் சென்று, நூலிலுள்ள வரிகளை அப்படியே ஆய்வேட்டில் எழுதினால் அதற்குக் கிடைப்பது பாராட்டு அன்று. கருத்துத் திருட்டு என்னும் பழி. பள்ளியில் நல்ல பழக்கம் எனக் கற்றதே பல்கலைக்கழகத்தில் குற்றமாகிவிடுகிறது. நேர்மையான பிள்ளை ஒன்று, தான் செய்தது குற்றம் என்பதையே அறியாமல் தலைகுனிந்து நிற்கும் நிலை கொடியது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் இதற்கெனவே விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 விழுக்காடு வரை இருந்தால் ஆறு மாதங்களுக்குள் திருத்தி எழுதித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக் காலம் திருத்திய ஆய்வேட்டைத் தரவே அனுமதி இல்லை. 60ஐத் தாண்டினால் அந்த ஆய்வுப் படிப்பிற்கான பதிவே இரத்தாகும். பல ஆண்டு உழைப்பு, வீட்டார் செய்த செலவு, பிள்ளையின் நற்பெயர் ஆகிய அனைத்தும், பிறர் எழுத்தைத் தன் சொல்லில் சொல்லத் தெரியாத ஒரே குறையால் போய்விடக்கூடும்.

ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1990களில் மாணவரின் எழுத்தை ஆராய்ந்து, ஒரு வகை எழுத்துக்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயரிட்டார். மூலத்தின் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இங்கொரு சொல்லை மாற்றி, அங்கொரு சொல்லை நீக்கி ஒட்டுப்போடுவதே அது. ஏமாற்றும் எண்ணத்தால் மட்டுமே மாணவர் இப்படி எழுதுவதில்லை. படித்தது முழுவதும் விளங்காத கட்டத்தில் இருப்பவர் இயல்பாக இப்படித்தான் எழுதுகிறார் என்பது அவருடைய கருத்து. ஆகவே ஒட்டுப்போட்ட எழுத்தைக் கண்டால் பிள்ளையைத் திட்டுவதை விட, அந்தப் பாடம் அவனுக்கு விளங்கிற்றா என்று கேட்பதே முறை.

ஒரு பத்தியைச் சுருக்கிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக ஒரு பத்தியை நாமே அமைத்துக்கொள்வோம். செய்தி வரலாற்றில் நிகழ்ந்ததே.

“1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா கொடுமையாகப் பரவிற்று. துர்நாற்றம் கலந்த காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் நம்பிக்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ குடிநீரையே ஐயுற்றார். இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் பிராடு தெருவிலிருந்த ஒரு கைப்பம்பின் அருகில் வாழ்ந்தவர்கள் எனத் தெரிந்தது. அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அந்த விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டியோ, அந்தப் பம்பு நீரின் சுவையை விரும்பி அதை வரவழைத்துக் குடித்தவர். அவர் காலராவால் இறந்தார். ஸ்நோவின் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. ஆனால் மக்கள் பலர் அப்பகுதியை விட்டு வெளியேறியிருந்த நிலையில், அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்நோவே தம் 1855ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டுள்ளார்.”

இதை மூன்று மாணவர் சுருக்குவதாகக் கொள்வோம்.

முதல் மாணவர்: “1854இல் சோஹோவில் காலரா வந்தது. விடுதியில் 535 பேர் இருந்தனர். ஐவர் இறந்தனர். ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். செப்டம்பர் 8இல் கைப்பிடி அகற்றப்பட்டது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதற்காக இவையெல்லாம் சொல்லப்பட்டன என்பது காணாமல் போய்விட்டது. முத்துக்கள் இருக்கின்றன, கோத்த நூல் அறுந்துவிட்டது.

இரண்டாம் மாணவர்: “ஜான் ஸ்நோ பம்பின் கைப்பிடியை அகற்றிக் காலராவை ஒழித்தார், நோய் தண்ணீரால் பரவுகிறது என்பதை அதனால் நிரூபித்தார்.” இது சுருக்கமாக இருக்கிறது, படிக்கவும் சுவையாக இருக்கிறது. ஆனால் மூலம் சொல்லாததைச் சொல்கிறது. கைப்பிடியை அகற்றியதால்தான் நோய் நின்றது என்று பத்தி சொல்லவில்லை; நோய் முன்பே தணியத் தொடங்கியது என்றே சொல்கிறது. பத்தியின் இறுதியிலிருந்த ‘ஆனால்’ என்னும் ஒரு சொல்லை விட்டதால் வந்த வினை இது. ஸ்நோவின் கதை பல இடங்களில் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. தவறான சுருக்கம் ஒன்று பிறந்துவிட்டால், மூலத்தை விட அதற்கு ஆயுள் நீளம்.

மூன்றாம் மாணவர்: “ஸ்நோ ஒரு மாமேதை. அவரைப்போல நாமும் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது.” நல்ல எண்ணம்தான். ஆனால் இது மாணவரின் கருத்து. மூலத்தின் கருத்து அன்று. சுருக்கத்தில் நம் பாராட்டுக்கும் இடமில்லை. நம் அறிவுரைக்கும் இடமில்லை. அவற்றுக்கு இடம் வேறு உண்டு.

இனி, ஏற்கத்தக்க சுருக்கம் ஒன்றைப் பாருங்கள்:

“காலரா காற்றினால் அன்று, குடிநீரினாலேயே பரவுகிறது என்னும் தம் கருத்துக்கு ஜான் ஸ்நோ 1854ஆம் ஆண்டின் சோஹோ நிகழ்வைச் சான்றாக்கினார். அருகில் வாழ்ந்தும் வேறு நீரைக் குடித்தோர் பெரும்பாலும் தப்பியதையும், தொலைவில் வாழ்ந்தும் அந்தப் பம்பின் நீரைக் குடித்தவர் இறந்ததையும் அவர் கண்டறிந்தார். எனினும், பம்பின் கைப்பிடி அகற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்ததை அவரே ஒப்புக்கொண்டார்.”

மூன்றே வாக்கியங்கள். முதலாவது, கருத்து. இரண்டாவது, சான்று. மூன்றாவது, வரம்பு. 535 என்னும் எண் போய்விட்டது; ஹாம்ஸ்டெட் என்னும் ஊர்ப்பெயர் போய்விட்டது. ஆனால் அவை எதற்குச் சான்றாக நின்றனவோ அது போகவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு இதுவே அளவுகோல்.

ஐந்து படிகள்

இவ்வாறு எழுதப் பழகுவதற்கு எளிய வழி உண்டு.

முதற்படி: பேனாவைக் கையில் எடுக்காமல் ஒருமுறை முழுவதும் படியுங்கள். கோடு போட்டுக்கொண்டே படிப்பவருக்கு எல்லா வரியும் முக்கியமாகத் தோன்றும்; இறுதியில் பக்கம் முழுவதும் கோடாக இருக்கும்.

இரண்டாம் படி: மீண்டும் படிக்கும்போது ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் இரண்டு மூன்று சொற்களில் குறிப்பு எழுதுங்கள். பத்தி என்ன சொல்கிறது என்பதோடு, என்ன வேலை செய்கிறது என்பதையும் குறியுங்கள். ‘கேள்வி’, ‘பழைய கருத்து’, ‘சான்று’, ‘எதிர்வாதம்’, ‘முடிவு’ என்பன போல. இதில் பலர் தடுக்கி விழுமிடம் ஒன்று உண்டு. மறுப்பதற்காகவே ஆசிரியர் எடுத்துச் சொல்லும் பிறர் கருத்தை, ஆசிரியரின் கருத்து என்றே எழுதிவிடுவார்கள். மேற்கண்ட பத்தியில் ‘துர்நாற்றம் நோயைப் பரப்புகிறது’ என்பதை ஸ்நோவின் கருத்தாக எழுதினால் என்னவாகும்? அனைத்தும் தலைகீழாகிவிடும். ஓரக் குறிப்பு இதிலிருந்து காக்கும்.

மூன்றாம் படி: நூலை மூடிவிடுங்கள். படித்ததை உம்மாவிடமோ, லாத்தாவிடமோ, நண்பரிடமோ தமிழில் வாயால் சொல்லுங்கள். இந்தப் படியைப் பலர் வேடிக்கையாக எண்ணலாம். ஆனால் ஐந்திலும் இதுவே உயிரானது. நூல் திறந்திருக்கும்வரை கண் அதன் சொற்களையே தேடும். மூடிய பின்னர் நினைவில் நிற்பது பொருள் மட்டுமே. அதைத் தாய்மொழியில் தடையின்றிச் சொல்ல முடிந்தால் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறோமோ, அந்த இடத்தை மீண்டும் படிக்க வேண்டும்.

நான்காம் படி: சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயர், ஆண்டு, மையக் கருத்து மூன்றும் வந்துவிட வேண்டும். ஸ்நோவின் நூலையே நேரில் படித்தவர் இப்படித் தொடங்கலாம்: ‘யூசிங் எவிடன்ஸ் ஃப்ரம் தி 1854 சோஹோ அவுட்பிரேக், ஸ்நோ (1855) ஆர்க்யூஸ் தட் காலரா ஸ்ப்ரெட்ஸ் த்ரூ ட்ரிங்கிங் வாட்டர்.’ ஸ்நோவைப் பற்றி வேறொருவர் எழுதியதை மட்டும் படித்தவர், அந்த வேறொருவரின் பெயரையே முன்வைக்க வேண்டும். படிக்காத நூலைப் படித்ததுபோலக் காட்டுவதும் பொய்தான்.

ஐந்தாம் படி: இப்போது நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். பெயர்களும் ஆண்டுகளும் சரியா? ‘இருக்கலாம்’ என்று மூலம் சொன்னதை ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டோமா? மூலத்தின் சொற்றொடர் ஏதேனும் அப்படியே வந்துவிட்டதா? வந்திருந்தால் மாற்றுங்கள்; மாற்ற முடியாத அளவு அருமையான தொடர் என்றால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

ஆங்கிலச் சொற்களில் கவனம்

‘சொன்னார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. ‘ஸ்டேட்ஸ்’ என்றால் ஒன்றைக் கூறுகிறார் என்று பொருள். ‘ஆர்க்யூஸ்’ என்றால் காரணம் காட்டி வாதிடுகிறார். ‘சஜஸ்ட்ஸ்’ என்றால் உறுதியாகச் சொல்லாமல், இப்படி இருக்கக்கூடும் என்கிறார். ‘அக்னாலெட்ஜஸ்’ என்றால் தமக்கு எதிரான ஒன்றையும் ஒப்புக்கொள்கிறார். ‘க்ளெய்ம்ஸ்’ என்று எழுதினால், அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நமக்கு ஐயம் உண்டு என்னும் சாயல் வந்துவிடக்கூடும். ‘ப்ரூவ்ஸ்’ என்பது மிகக் கனமான சொல்; ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார் என்று பொருள்படும். ஆசிரியர் ‘சஜஸ்ட்ஸ்’ என்னும் அளவில் சொன்னதை நாம் ‘ப்ரூவ்ஸ்’ என்று எழுதினால், இரண்டாம் மாணவரின் குற்றத்தையே செய்தவர்களாவோம்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழைகள் சில உண்டு. ‘டிஸ்கசஸ் அபவுட்’ என்று எழுதக்கூடாது. ‘டிஸ்கசஸ்’ என்பதிலேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. ‘மென்ஷன்ஸ் அபவுட்’ என்பதும் அத்தகையதே. ‘தி ஆத்தர் டெல்ஸ் தட்’ என்பதும் பிழை. ‘டெல்’ என்னும் சொல்லுக்கு யாரிடம் என்பது தேவை. ‘சேஸ் தட்’ அல்லது ‘ஸ்டேட்ஸ் தட்’ என்று எழுதலாம். ‘அக்கார்டிங் டு ஸ்நோ, ஹி சேஸ்’ என்று இரண்டு முறை சொல்வதும் தேவையற்றது. இரண்டில் ஒன்று போதும்.

சொந்தச் சொல்லில் எழுதுவது என்பதற்காக, அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல்லைத் தேடி வைக்க வேண்டாம். காலராவைக் காலரா என்றே எழுத வேண்டும். துறைக்குரிய சொற்கள் யாருக்கும் உடைமை அல்ல. மாற வேண்டியது வாக்கியத்தின் அமைப்பு. மூலத்தில் மூன்று வாக்கியங்களில் இருப்பது நம் கையில் ஒன்றாக இணையலாம். இறுதியில் வந்தது முதலில் வரலாம். பொருள் விளங்கியவருக்கு இந்த மாற்றம் தானே வரும்.

எவ்வளவு சுருக்குவது?

நாட்டின் ஆட்சிப் பணித் தேர்வில் கட்டாய ஆங்கிலத் தாள் ஒன்று உண்டு. அதில் ‘பிரெசி’ எழுதச் சொல்வார்கள். மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. ‘பிரெசி’ என்பது ‘துல்லியமானது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். குறைவானது என்பதை விடத் துல்லியமானது என்பதே அதன் பெயரில் இருப்பதைக் கவனியுங்கள்.

உயர்கல்வி ஆங்கிலத்திலோ மூன்றில் ஒன்று என்னும் கணக்கு இல்லை. தேவையே அளவு. ஒரு முழு நூலை ஆய்வேட்டில் ஒரே வாக்கியத்தில் சுருக்க வேண்டியும் வரும். ஒரே கட்டுரையை இரண்டு பக்கங்களில் சுருக்க வேண்டியும் வரும். வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில், வரைபடத்தையோ அட்டவணையையோ தந்து, அதிலுள்ள செய்தியைக் குறைந்தது 150 சொற்களில் சுருக்கச் சொல்வார்கள். அங்கே எல்லா எண்களையும் வரிசையாக எழுதுவோரும் மதிப்பெண் இழப்பர். எண் ஏன் உயர்ந்தது என்று தாமே காரணம் கற்பிப்போரும் இழப்பர். எது பெருமளவில் உயர்ந்தது, எது தாழ்ந்தது, எது மாறாமல் நின்றது என்னும் முதன்மைப் போக்கைச் சொல்வதே அங்கு வேண்டுவது.

இயந்திரம் சுருக்கித் தராதா?

தரும். நூறு பக்கத்தை நொடிப்பொழுதில் பத்து வரியாக்கித் தரும் கணினிச் செயலிகள் இன்று பிள்ளைகளின் கைப்பேசியிலேயே உள்ளன. பின் எதற்கு இத்தனை பாடு என்று அவர்கள் கேட்பது இயல்பே.

அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். சுருக்கம் என்பது வெறும் பத்து வரித் தாள் அன்று. அந்தப் பத்து வரியை எழுதும்போது மனத்தில் நிகழும் வேலையே அதன் பயன். பிறர் உண்டால் நம் பசி தீராது. பிறர் சுருக்கினால் நமக்குப் பாடம் விளங்காது. மேலும், இயந்திரம் தந்த பத்து வரியில் ‘ஆனால்’ என்னும் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தால், மூலத்தைப் படிக்காதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? சுருக்கத் தெரிந்தவரே பிறர் சுருக்கத்தின் குறையைக் காண முடியும். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவரும் பிள்ளைதான், கைப்பேசி அன்று.

இல்லத்தரசியரும் தொலைநிலைக் கல்வியும்

திருமணத்திற்குப் பின்னர் படிப்பைத் தொடரும் சகோதரியர் நம்மிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே படிக்க வழி செய்துள்ளன. அருகில் ஆசிரியர் இல்லாத குறையை இவர்களுக்கு ஓரளவு தீர்ப்பது சுருக்கக் குறிப்பேடுதான். ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் என வகுத்துக்கொண்டு, மேலே ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை எழுதி, கீழே கருத்து, சான்று, வரம்பு என்று மூன்று தலைப்பில் குறித்து வாருங்கள். தேர்வுக்கு முதல்நாள் தடித்த நூல்களைப் புரட்ட வேண்டிய தேவை இராது. வீட்டுவேலைகளுக்கிடையே கிடைக்கும் அரைமணி நேரமும் வீணாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

எனக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு நான் எப்படி உதவுவது என்று கேட்கும் தாய்மார்கள் பலர். இந்த ஒரு பாடத்தில் உங்களால் நிறைய உதவ முடியும். பிள்ளை படித்துவிட்டு எழும்போது, “இன்று படித்ததை எனக்கு விளங்கும்படி நாலு வார்த்தையில் சொல்” என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: “யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உறுதியாகச் சொன்னாரா, இருக்கலாம் என்று சொன்னாரா?” இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆங்கிலப் புலமை தேவையில்லை. உயர்கல்வியில் பேராசிரியர்கள் கேட்பதும் இவற்றைத்தான். பிள்ளை விழித்தால் கடிந்துகொள்ளாமல், “போய் மறுபடியும் படித்துவிட்டு வந்து சொல்” என்று அனுப்புங்கள்.

இக்கேள்விகள் பாடத்தோடு நிற்பதில்லை. கேள்விப்பட்ட செய்தியை ஆராயாமல் ஊரெங்கும் பரப்புவதும், ஒருவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு மீதியைக் கொண்டு உறவுகளைப் பிரிப்பதும் தவறான சுருக்கத்தின் விளைவுகளே. பிறர் சொல்லைக் கூட்டாமல், குறைக்காமல், அவர் பெயராலேயே எடுத்துச் சொல்லும் பழக்கம் வீட்டில் வேரூன்றினால், கல்லூரியில் அது தானே கைகொடுக்கும்.

இந்தத் திங்களுக்கு ஒரு பயிற்சி: இதே இதழில் உங்களுக்குப் பிடித்த கட்டுரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நூலை மூடிவிட்டு, அதை வீட்டாரிடம் தமிழில் சொல்லுங்கள். பின்னர் நான்கே வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட ‘ஆனால்’ ஏதேனும் உண்டா என்று பாருங்கள். வாரம் ஒன்று வீதம் எழுதி வந்தால் ஓராண்டில் ஐம்பது சுருக்கங்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். முதலாவதையும் ஐம்பதாவதையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் வளர்ச்சி உங்களுக்கே தெரியும்.